கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் கோளாறு: புதுசு வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள், வரிசைப்படி

செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரைச் சொருகினால் பி0117 அல்லது பி0118 என்று ஒரு கோடு (கோளாறு எண்) வருகிறது. உடனே பெங்களூரில் பெரும்பாலானோர் செய்வது, ஜே.சி. ரோட்டுக்குப் போய், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் சூட்டை அளக்கும் அந்த சென்சாரை வாங்கி மாட்டுவதுதான். சிலருக்கு அதோடு சரியாகிவிடும். மற்றவர்கள் ஒரு வாரம் கழித்து, "அண்ணா, புதுசே போட்டாச்சு, இன்னும் லைட் எரியுது" என்று வந்து நிற்பார்கள். அந்தக் கோடு குறை சொல்வது சர்க்யூட்டை. சென்சார், கனெக்டர், இரண்டு வயர், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். சென்சார் அதில் ஒரு பங்கு மட்டுமே.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக 4-ஆம் படி. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஒரே ஒரு முறைதான் அந்த அளவு கிடைக்கும். அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணிவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். ஆனால் பல்ப் வைத்த டெஸ்ட் லாம்ப் வேண்டாம். இந்தச் சர்க்யூட்டில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். பல்ப் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பல்ப் எரியாததைப் பார்த்துவிட்டு "கரண்டே வரலை" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம்.

லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர். மொபைலோடு புளூடூத்தில் சேரும் இஎல்எம் 327 வகை அடாப்டர் போதும். கோடு மட்டும் படிக்கிற கருவி இந்த வேலைக்கு உதவாது, ஏனென்றால் நாம் பார்க்கப்போவது வெப்பநிலை ஏறும் விதத்தை.

இரண்டு ரெசிஸ்டர்கள்: 2.2 கிலோ ஓம் ஒன்று, 330 ஓம் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஓரிரு ரூபாய்தான். இந்த வேலையில் இவ்வளவு பயன் தரும் பொருள் வேறு இல்லை. ஏன் என்பது 8-ஆம் படியில் தெரியும்.

இவை தவிர ஒரு தெர்மாமீட்டர், கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து நுழைக்க மெல்லிய ஊசிகள், கான்டாக்ட் கிளீனர், உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட கூலண்ட் கொஞ்சம். முடிந்தால் வண்டியின் வயரிங் டயகிராம். அது இல்லாமலும் 9-ஆம் படி வரை போகலாம்.

இரண்டு எச்சரிக்கை. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் திறந்தவுடன் கொதித்து முகத்தில் அடிக்கும். அடுத்தது, சென்சாரைக் கழற்றியதும் பல வண்டிகளில் ஈசியூ பாதுகாப்புக்காக ரேடியேட்டர் ஃபேனை ஓட விடும். சாவி ஆனில் இருந்தால், இன்ஜின் ஓடாவிட்டாலும் ஃபேன் திடீரென்று சுழலும். கையும் சட்டையும் மீட்டர் வயரும் ஃபேனுக்குத் தள்ளியே இருக்கட்டும்.

2. சர்க்யூட் வேலை செய்யும் விதம்

இந்த அளவு புரிந்தால் போதும், மீதி எல்லாம் தானே விளங்கும்.

சென்சாருக்குள் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. குளிரில் அதன் ரெசிஸ்டன்ஸ் அதிகம், சூடேற ஏறக் குறையும். ஈசியூ தன் உள்ளே இருக்கும் ஒரு நிலையான ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை சிக்னல் வயரில் அனுப்புகிறது. அது சென்சார் வழியாகப் போய், இரண்டாவது வயரில் ஈசியூவின் சென்சார் எர்த்துக்குத் திரும்புகிறது. சிக்னல் வயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதைத்தான் ஈசியூ அளக்கிறது. வோல்ட் அதிகம் என்றால் குளிர், குறைவு என்றால் சூடு.

ஆக, வயர் கட் ஆனால் வோல்டேஜ் 5-க்கு ஏறும். ஈசியூ மைனஸ் 40 டிகிரி என்று படிக்கும். அதுதான் பி0118. சிக்னல் எர்த்தோடு ஷார்ட் ஆனால் வோல்டேஜ் பூஜ்யம். ஈசியூ 130, 140 டிகிரி என்று படிக்கும். அது பி0117. புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். பி0117-க்கு ஸ்கேனர் தரும் விளக்கத்தில் 'லோ' என்று இருக்கும். உடனே வெப்பநிலை குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். குறைந்தது வோல்டேஜ். வெப்பநிலை அதற்கு நேர் எதிர்.

மாருதி உட்படப் பல கார்களில் தெர்மிஸ்டரின் அளவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: 20 டிகிரியில் 2.45 கிலோ ஓம், 40-இல் 1.15 கிலோ ஓம், 60-இல் 580 ஓம், 80-இல் 320 ஓம். உங்கள் வண்டியின் அட்டவணை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான்.

3. முந்தின நாள் மாலை: படி, எழுதிவை, அழிக்காதே

ஸ்கேனரில் வரும் எல்லாக் கோடுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஃப்ரீஸ் ஃபிரேம். கோடு பதிவான நொடியில் வண்டி எந்த வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூடு, ஸ்டார்ட் பண்ணி எவ்வளவு நேரம் என்ற விவரம் அதில் இருக்கும். கோட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். "அழிச்சுப் பார்ப்போம், திரும்ப வருதான்னு" என்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

ஒரே நேரத்தில் த்ராட்டில் சென்சார், இன்டேக் காற்று வெப்பநிலை, இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் என்று வேறு கோடுகளும் சேர்ந்து வந்திருந்தால் நின்று யோசியுங்கள். பல வண்டிகளில் இவை எல்லாம் ஒரே சென்சார் எர்த்தைப் பகிர்கின்றன. நான்கு சென்சார் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். ஒரு எர்த் விட்டுப்போவது சாதாரணம். அப்படியானால் 9-ஆம் படியில் உள்ள எர்த் சோதனைக்கு முக்கியத்துவம் கொடுங்கள்.

பி0128 மட்டும் வந்திருந்தால் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மீது இருக்கட்டும். இன்ஜின் போதுமான சூட்டுக்கு வரவில்லை என்பதுதான் அதன் பொருள். வண்டி எப்போதோ ஓவர்ஹீட் ஆனபோது தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. பழைய வண்டி வாங்கியவர்கள் அது உள்ளே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

4. காலையில், ஸ்டார்ட் பண்ணும் முன்

வண்டி குறைந்தது 8 மணி நேரம் நின்றிருக்க வேண்டும். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், கிராங்க் பண்ணாதீர்கள். லைவ் டேட்டாவில் கூலண்ட் வெப்பநிலை, இன்டேக் காற்று வெப்பநிலை இரண்டையும் பாருங்கள். தெர்மாமீட்டரை இன்ஜின் பக்கத்தில் வைத்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலண்ட், காற்று, இன்ஜின் இரும்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். மூன்றும் 4, 5 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். வேறு எந்தக் கருவியும் இல்லாமல் சென்சாரை ஒரு நிச்சயமான உண்மையோடு ஒப்பிடக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் இது. அதனால்தான் இதற்கு இவ்வளவு வலியுறுத்தல்.

மொபைலில் வானிலை ஆப்பைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். பெங்களூரில் டிசம்பர் விடியற்காலையில் வெளியே 16, 17 டிகிரி இருக்கும். அதே நேரம் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிற்கும் வண்டியைச் சுற்றி அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். வண்டி நிற்கும் இடத்தின் காற்றுதான் கணக்கு.

அளவைக் குறித்தபின், இன்ஜின் இன்னும் குளிராக இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். மூடி இல்லாத வண்டிகளில் எக்ஸ்பான்ஷன் டேங்க். மட்டம் குறைந்தால் சென்சாரின் முனை கூலண்டில் மூழ்காமல் காற்றிலோ ஆவியிலோ நிற்கும். சென்சார் நல்லதாக இருந்தாலும் அளவு தப்பாக வரும். கூலண்ட் குறைவு என்றால் முதலில் கசிவைச் சரிசெய்து, நிரப்பி, மறுநாள் இதே படியிலிருந்து தொடங்குங்கள்.

5. சூடேற விட்டுப் பார்ப்பது

இப்போது ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விடுங்கள். ஆப்பில் கூலண்ட் வெப்பநிலையை கிராஃபாக வையுங்கள். கிராஃப் வழவழவென்று ஏற வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் 82 முதல் 88 டிகிரி வரையிலான இடத்தில் சற்றுத் தயங்கி, பிறகு நிலைத்து நிற்கும்.

இடையில் 60-இலிருந்து ஒரே நொடியில் மைனஸ் 40-க்கு விழுந்து திரும்ப 61-க்கு வந்தால், வேறு சோதனையே வேண்டாம். அவ்வளவு கூலண்ட் ஒரு நொடியில் 100 டிகிரி குளிராது. எங்கோ தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. இன்ஜின் ஓடும்போதே கனெக்டரையும் அதற்குப் போகும் வயரையும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளி நின்றுகொண்டு.

நிலைத்த சூட்டில் உண்மையான வெப்பநிலையை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் உதவும். ஆனால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் பளபளப்பான அலுமினியத்தில் நேராகக் காட்டினால் நிஜத்தைவிட நன்றாகவே குறைத்துக் காட்டும். இன்ஜின் குளிராக இருக்கும்போதே சென்சார் அருகில் ஒரு கறுப்பு டேப் துண்டை ஒட்டிவைத்து, அதன் மேல் காட்டுங்கள். சில டிகிரி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நாம் தேடுவது 15, 20 டிகிரி வித்தியாசத்தை.

அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். நைஸ் ரோட்டில் சீராகப் போகும்போது 70-க்குக் கீழே இறங்கி, சில்க் போர்டு நெரிசலில் நின்றதும் 90-க்கு ஏறினால் அது தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டதன் அடையாளம். சர்க்யூட் கோளாறுக்கு எதிர்க்காற்று தெரியாது.

6. காலை அளவு, சூட்டு அளவு: இரண்டையும் சேர்த்துப் படிப்பது

முழுதாகக் கட் ஆன வயரையும் முழுதாக ஷார்ட் ஆன வயரையும் கண்டுபிடிப்பது சுலபம். தலைவலி தருவது அரைகுறைக் கோளாறு. கோடும் வராது, ஆனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும், எமிஷன் டெஸ்ட்டில் இழுக்கும். இதற்கு மேலே எடுத்த இரண்டு அளவுகளே பாதி விடை தந்துவிடும்.

கனெக்டரின் உலோகப் பின்னில் பச்சைத் துரு பூத்து 200 ஓம் கூடுதல் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் 20 டிகிரியில் சென்சார் 2450 ஓம். அதோடு 200 சேர்ந்தால் 2650. ஈசியூ 18 டிகிரி என்று படிக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் 80 டிகிரியில் சென்சார் வெறும் 320 ஓம். அதோடு 200 சேர்ந்தால் 520. ஈசியூவுக்கு அது 64 டிகிரி! இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது தலைகீழாகப் பாருங்கள். கூலண்ட் கசிந்து கனெக்டருக்குள் புகுந்து, இரண்டு பின்னுக்கும் நடுவில் 5 கிலோ ஓம் அளவுக்கு ஒரு திருட்டுப் பாதை உண்டாகிவிட்டது. சூட்டில் 320 ஓமுக்கு இணையாக (பேரலலாக) 5000 ஓம் இருந்தால் கிட்டத்தட்ட 300. வித்தியாசம் 2 டிகிரிதான். ஆனால் காலையில் 2450-க்கு இணையாக 5000 இருந்தால் 1640 ஓமுக்கு இறங்கும். நிஜத்தில் 20 டிகிரி, ஈசியூ படிப்பது 30. குளிர் ஸ்டார்ட்டுக்கு வேண்டிய பெட்ரோல் குறைந்து, கிராங்க் இழுத்துக்கொண்டே போகும்.

ஆக, காலை அளவு சரியாக இருந்து சூட்டில் குறைத்துக் காட்டினால், தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கும் பட்சத்தில், வயரிலோ பின்னிலோ எர்த்திலோ கூடுதல் ரெசிஸ்டன்ஸைத் தேடுங்கள். காலையில் கூட்டிக் காட்டி சூட்டில் சரியானால் ஈரம், கசிவு, இன்சுலேஷன் தேய்வு இவற்றைத் தேடுங்கள். இரண்டிலும் தப்பு என்றால் சென்சாரே தன் அளவிலிருந்து விலகியிருக்கலாம், அல்லது யாரோ வேறு மாடலின் சென்சாரை மாட்டியிருக்கலாம். மரை ஒன்றாக இருந்தால் எதுவும் உள்ளே போய்விடும், எண்கள்தான் ஒத்துப்போகாது.

7. எந்த சென்சார் என்று உறுதிசெய்வது

சில வண்டிகளில் இரண்டு இருக்கும். ஒற்றை வயரோடு இருப்பது டேஷ்போர்டு மீட்டருக்கு. இரண்டு வயர் உள்ளது ஈசியூவுக்கு. வேறு சிலவற்றில் ரேடியேட்டர் வெளிவாயிலில் இன்னொன்று இருக்கும். தப்பான சென்சாரைக் கழற்றினால் நீங்கள் செய்யும் சோதனை எல்லாம் வீண். சாவி ஆனில் கனெக்டரை உருவி, லைவ் டேட்டாவில் கூலண்ட் அளவு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதுதான். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அல்லது சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் இருக்கும்.

8. ரெசிஸ்டர் வைத்து சென்சாரையும் வயரையும் பிரிப்பது

இந்தப் படிதான் வேலையின் நடு. சாவி ஆஃப், கனெக்டரை உருவுங்கள். பூட்டை அமுக்கி பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் பின்னுக்குப் பின்னால் கம்பி அறுந்து, இல்லாத கோளாறை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். பின்கள் நேராகவும் சுத்தமாகவும் இருக்கின்றனவா, ரப்பர் சீல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஆனால் இப்போது கிளீனர் அடிக்காதீர்கள். முதலில் சோதனை, பிறகு சுத்தம். இல்லாவிட்டால் கோளாறு எதனால் என்றே தெரியாமல் போய்விடும்.

சாவியை ஆன் பண்ணுங்கள். கழற்றிய நிலையில் ஸ்கேனர் மைனஸ் 40 காட்ட வேண்டும். காட்டாமல் 130, 140 என்றே நின்றால் சிக்னல் வயர் எங்கோ எர்த்தில் உரசுகிறது, அல்லது ஈசியூவின் உள்ளே கோளாறு. சென்சாருக்கு இதில் சம்பந்தம் இல்லை. சில ஈசியூக்கள் கோளாறு தெரிந்தவுடன் 80 போல ஒரு பதிலி எண்ணைக் காட்டும். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்கேனரை நம்பாமல் 9-ஆம் படியின் வோல்டேஜ் அளவுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வயர் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு பின்களிலும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடுங்கள். தடித்த கம்பியை உள்ளே திணிக்காதீர்கள்; துளை உள்ள பெண் பின் விரிந்துவிட்டால் அதுவே லூஸ் கான்டாக்ட் ஆகிவிடும். மேலே சொன்ன அட்டவணைப்படி ஸ்கேனர் 23 டிகிரி சுமாருக்குக் காட்ட வேண்டும். அதை எடுத்துவிட்டு 330 ஓம் வையுங்கள். 79 அருகில் காட்ட வேண்டும்.

இரண்டும் சரியாக வந்தால் கனெக்டரிலிருந்து ஈசியூ வரை எல்லாம் நலம். குற்றம் சென்சாரிலோ அது கனெக்டரோடு சேரும் இடத்திலோ. 10-க்குப் போங்கள். 2.2 கிலோ ஓம் சரியாக வந்து 330 ஓமுக்கு 63 என்று காட்டினால் 6-ஆம் படியில் பார்த்த அதே 200 ஓம் கதை, இப்போது வயரில் என்று நிச்சயமாகிவிட்டது. ரெசிஸ்டர் வைத்தும் மைனஸ் 40-இலிருந்து நகராவிட்டால் இரண்டில் ஒரு வயர் கட்.

பல வீடியோக்களில் ரெசிஸ்டர் இல்லாமல் இரண்டு பின்னையும் நேராக ஒரு வயரால் இணைக்கச் சொல்வார்கள். அது கட்டையும் ஷார்ட்டையும் காட்டும். அரைகுறைக் கோளாறைக் காட்டாது. தவிர, தப்பான கனெக்டரில், 12 வோல்ட் வரும் இடத்தில் அதைச் செய்தால் ஃப்யூஸ் போகும்.

9. வோல்டேஜ்

கனெக்டர் கழன்றே இருக்கட்டும், சாவி ஆன். மீட்டரின் கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பால் இரண்டு பின்னையும் தனித்தனியாகத் தொடுங்கள். ஒன்றில் 5 வோல்ட் சுமார், மற்றதில் பூஜ்யம் வர வேண்டும். 5 வரும் பின் சிக்னல். அங்கே 12 வோல்ட் வந்தால் வேறு வயரோடு உரசியிருக்கிறது. உடனே சாவியை அணைத்துவிடுங்கள்.

இப்போது கறுப்பை பேட்டரியிலிருந்து எடுத்து கனெக்டரின் மற்ற பின்னில் வையுங்கள். அதே 5 வோல்ட் வர வேண்டும். பேட்டரி நெகட்டிவுக்கு வந்த 5 இங்கே வராவிட்டால், விட்டுப்போனது சென்சார் எர்த் வயர். அதனால்தான் இரண்டு முறை அளக்கிறோம்.

பிறகு கனெக்டரை மாட்டி, எர்த் பின்னின் பின்பக்கம் ஊசி நுழைத்து, அதற்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கழற்றிய வயரில் ஓம் அளந்து "சரியா இருக்கு" என்று திருப்தி அடைபவர்களுக்கு இந்த அளவு கண் திறக்கும். ஒரே ஒரு கம்பி இழை மிச்சம் இருந்தாலும் ஓம் மீட்டர் நல்லது என்றே சொல்லும். பல சென்சார்கள் பகிரும் எர்த்தில் கரண்ட் ஓடும்போதுதான் அந்த வயரின் நிஜமான நிலை வெளியே வரும்.

மாட்டிய நிலையில் சிக்னல் வோல்டேஜ் இன்ஜின் சூடேற ஏற இறங்கிக்கொண்டே போகும். சில ஈசியூக்களில் மட்டும் 50 டிகிரி அருகில் உள் ரெசிஸ்டரை மாற்றுவதால் வோல்டேஜ் திடீரென்று மேலே குதித்து மீண்டும் இறங்கத் தொடங்கும். ஸ்கேனரில் வெப்பநிலை சீராகவே ஏறினால் அது கோளாறு இல்லை.

10. சென்சாரை வெந்நீரில் சோதிப்பது

இன்ஜின் நன்றாக ஆறியபின் கழற்றுங்கள். கழற்றும் முன் ரேடியேட்டர் மூடியை ஒரு முறை திறந்து மூடி அழுத்தத்தை விட்டுவிடுங்கள். அடியில் ஒரு டப்பா வையுங்கள். கூலண்டில் இருக்கும் எத்திலின் கிளைகால் விஷம், அதே நேரம் இனிப்பு. தெருவில் கொட்டினால் நாய் நக்கிவிடும்.

சமையல் பாத்திரம் வேண்டாம், பழைய டப்பா ஒன்றில் தண்ணீர் எடுங்கள். சென்சாரின் முனை மட்டும் மூழ்கட்டும், பின் பக்கம் நனையக் கூடாது. தெர்மாமீட்டரை முனைக்குப் பக்கத்திலேயே பிடித்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே 20, 40, 60, 80 டிகிரிகளில் ஓம் அளவை எழுதுங்கள். சென்சார் டப்பாவின் அடியைத் தொடக் கூடாது. அடிப்பாகம் தண்ணீரைவிடச் சூடு.

கொதிநிலையில் ஒரு அளவு எடுப்பவர்கள் கவனிக்க: பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 97 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். 100 டிகிரி அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டு சென்சார் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒரு புள்ளியில் மட்டும் அளப்பது போதாது. அறை வெப்பநிலையில் சரியாக இருந்து 70-க்கு மேல் திடீரென்று கட் ஆகும் சென்சார்கள் உண்டு. சூட்டில் பிடித்துக்கொண்டு லேசாகத் தட்டியும் பாருங்கள். அளவு தாவினால் உள்ளே விரிசல்.

11. வயரில் கோளாறைத் தேடுவது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசியூ கனெக்டரையும் உருவியபின்தான் ஓம் அளக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் முனைக்கு முனை 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். பாடி எர்த்துக்கு எதுவும் காட்டக் கூடாது. இரண்டு வயருக்கும் நடுவிலும் எதுவும் காட்டக் கூடாது. அளக்கும்போதே வயர்க் கற்றையை நீளவாக்கில் அசைத்துக்கொண்டு போங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டிய இடங்கள்: பேட்டரி தட்டுக்கு அடியில், ஏதாவது பிராக்கெட் ஓரத்தில் வளையும் இடம், எக்ஸாஸ்ட் பக்கம், முன்பு யாரோ டேப் சுற்றிய இடம். கடைசியாகச் சொன்னதை முதலில் பிரித்துப் பாருங்கள். பேஸ்மென்ட்டில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் எலியை மறக்க வேண்டாம். இன்ஜின் மேல் புழுக்கையோ கடித்த துணுக்கோ தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்சுலேஷனில் ஊசி குத்தி அளக்காதீர்கள். அந்தத் துளை வழியாக மழைக்காலத்தில் ஈரம் ஏறி, ஆறு மாதம் கழித்து அங்கேயே பச்சை பூக்கும். வெட்டி ஒட்ட வேண்டி வந்தால் முறுக்கி டேப் சுற்றுவது இன்ஜின் சூட்டில் நிற்காது. சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டு, அசையாதபடி வயர்க் கற்றையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

ஈசியூவைச் சந்தேகிப்பது கடைசியில். வயர் இரண்டும் நலம், ஈசியூவின் சப்ளையும் எர்த்தும் நலம், ஈசியூவுக்குப் பக்கத்திலேயே ரெசிஸ்டர் வைத்தும் அளவு தப்பு என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். அது வரை யார் சொன்னாலும் ஈசியூ மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.

12. மாட்டுவதும் காற்றை வெளியேற்றுவதும்

புது சென்சாரை மாட்டும் முன் அதன் ஓமை அறை வெப்பநிலையில் அளந்துவிடுங்கள். 25 டிகிரியில் 2 கிலோ ஓம் சுமாருக்கு வர வேண்டியது 5 காட்டினால் கடைக்காரர் கொடுத்தது வேறு மாடல். வாஷரோ ஓ ரிங்கோ புதிதாகப் போடுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை எளிதில் போய்விடும். கையால் முடிந்தவரை திருகிவிட்டு, பிறகுதான் ஸ்பேனர்.

நிரப்ப, கலந்தே வரும் கூலண்ட் அல்லது கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதன் உப்பு ரேடியேட்டரிலும் சென்சார் முனையிலும் படியும். படிந்தால் சென்சார் சூட்டைத் தாமதமாக உணரும்.

மூடி திறந்தபடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டுக் குமிழி நிற்கும் வரை ஊற்றுங்கள். காற்று போக்கும் திருகு இருக்கும் வண்டியில் அதையும் திறக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சென்சாருக்கு முன்னால் காற்றுப் பொட்டலம் நின்று அளவு தாவும். "புது சென்சாரும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை போடுவதில் பாதி இந்தக் காற்றால்தான்.

13. கோடு அழித்து மறுநாள் பார்ப்பது

இப்போது கோட்டை அழிக்கலாம். மறுநாள் காலை 4-ஆம் படியை அப்படியே திரும்பச் செய்யுங்கள். பிறகு சூடேற்றி 5-ஆம் படி. எமிஷன் டெஸ்ட் பாக்கி இருந்தால் இது முடிந்து, சில நாள் ஓட்டியபின் போங்கள். கோடு அழித்த கையோடு போனால் ஈசியூ தன் பெட்ரோல் கணக்கைத் திரும்பக் கற்றிருக்காது.

கோடு திரும்பி வந்தால் அழிக்காமல் ஃப்ரீஸ் ஃபிரேமைப் பாருங்கள். குளிர் ஸ்டார்ட்டில் வந்தது என்றால் கனெக்டருக்குள் ஈரத்தைத் தேடி 8-லிருந்து தொடங்குங்கள். முழுச் சூட்டில், குண்டும் குழியுமான ரோட்டில் வந்தது என்றால் நேராக 11-க்குப் போய் வயரை அசைத்துப் பாருங்கள்.